ஓரிக்கை வரை ஒரு நடை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமழிசைப்பிரானுடைய சரித்திரத்தில் கணிகண்ணன் வெளியேறிய வ்ருத்தாந்தத்தை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இரார். உபந்யாஸங்களில் அது எப்போதும் எம்பெருமானுடைய ஸௌலப்யத்துக்கு உதாஹரணமாகவே வரும். அடியவன் ஒருவன் ஊரை விட்டுப் போகிறான். அவன் பின்னே ஆசார்யன் போகிறார். அந்த ஆசார்யன் சொன்ன சொல்லுக்காகத் திருவெஃகாவில் கிடந்தவன் அரவணையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நடக்கிறான். மீண்டு வந்தபோதும் அவர் சொன்னபடியே வந்து சாய்ந்தான். அதனாலன்றோ யதோக்தகாரி என்றும், சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்றும் திருநாமம் பெற்றான்! மற்ற சயனத் திருப்பதிகளில் ஸேவிக்கும் கிடக்கைக்கு நேர்மாறாக இங்கே அவன் திருமுடியை மாற்றி வைத்துக் கிடப்பதை, சின்ன காஞ்சிபுரம் வந்து ஸேவித்தவர்கள் கண்டிருப்பார்கள். போய்வந்ததற்கு அதுவே அடையாளம் என்று பெரியோர் காட்டுவர்.

இவ்விதழில் நாம் அநுஸந்திக்க விரும்புவது எம்பெருமானை அன்று, கணிகண்ணனையும் அன்று. அந்தக் கதையில் யாரும் திரும்பிப் பாராத பல்லவ மன்னனை.

அவனுக்கு நேர்ந்தது என்ன? திருவெஃகாவில் ஆழ்வார் எழுந்தருளியிருந்த இடத்தை நாள்தோறும் மெழுகிக் கோலமிட்டுக் கைங்கர்யம் செய்துவந்த ஒரு கிழவிக்கு ஆழ்வார் இளமையை அநுக்ரஹித்தார். அவளைக் கண்டு மயங்கிய மன்னன் மணம் புரிந்துகொண்டான். ஆண்டுகள் சென்றன. அவள் இளமை அப்படியே நின்றது. அவன் தலை நரைத்தது. தனக்கும் அந்த இளமை வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்தது. கணிகண்ணனை அழைத்து, "உம் ஆசார்யனை அரண்மனைக்கு அழைத்து வாரும்" என்றான். அவர் எங்கும் வாரார் என்று கணிகண்ணன் சொல்ல, "அப்படியானால் நீராவது என்னைப் பாடும்" என்றான். மானிடரைப் பாடோம் என்று அவரும் மறுக்கவே, "ஊரை விட்டுப் போம்" என்று கட்டளையிட்டான்.

இந்த மன்னன் கொடியவன் அல்லன். நோயாளி. தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே, ஆழ்வார் வரவேண்டும், பாட்டு வரவேண்டும், இளமையும் வரவேண்டும். ஆசைப்பட்டது கிடைக்காதபோது அதைத் தடுத்தவன் போகவேண்டும். அடிமைப்பட்ட மனத்தின் இலக்கணம் இதுவே. சாஸ்த்ரங்கள் இதற்கு வ்யஸனம் என்று பெயரிட்டன. சூது, மது முதலானவற்றை அரசர்க்குரிய வ்யஸனங்களாக எடுத்துச் சொல்லி, அறிவுடையோரையும் வீழ்த்துபவை என்று எச்சரித்தன. தர்மபுத்ரர் சூதாட்டத்தின் தீமையை அறியாதவரா? அறிந்தே இரண்டாம் முறையும் போய் உட்கார்ந்தார்.

அறிந்தே உட்கார்ந்தவர்களில் நாமும் ஒருவர். இங்கே 'நாம்' என்று எழுதுவது எழுத்து வழக்கம் பற்றியே. குற்றத்தில் வேறெவர்க்கும் பங்கில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் வங்கி உத்யோகம். வணிகவியல் பட்டம். பிறருக்குச் சிக்கனமும் சேமிப்பும் உபதேசித்தே வயிறு வளர்த்தோம். 2019ல் ஓய்வு பெற்று, பூர்வீக திருமாளிகையைச் செப்பனிட்டுக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்துக்கே வந்து சேர்ந்தோம். அவ்வாண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் அநந்தஸரஸ்ஸிலிருந்து எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் ஸேவை ஸாதித்த காலம். 1979ல் இளைஞனாய் ஸேவித்ததை நாற்பது ஆண்டு கழித்து மறுபடி ஸேவித்தோம். இனி மிச்ச நாள் முழுதும் கோஷ்டியும் கைங்கர்யமும் என்று ஸங்கல்பித்தோம். ஸங்கல்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மறு ஆண்டு கொள்ளைநோய் வந்தது. ஸந்நிதிகள் அடைத்தன; வீதி வெறிச்சோடியது. கையில் பொழுதும் கைப்பேசியும் மட்டும் மிஞ்சின. 2020 மார்ச்சில் பங்குச் சந்தை பாதாளம் சென்று மீண்டபோது, கணக்கறிந்தவர்கள் நாம், ஏன் சும்மா இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கைத் திறந்தோம். முதலில் நல்ல கம்பெனிப் பங்குகள் நான்கு வாங்கினோம். அதில் குற்றமில்லை. ஆனால் பங்கு மெல்ல நடக்கும். ஆறே மாதத்தில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற துறைக்கு வந்துவிட்டோம். அங்கே காலையில் போட்ட பணம் மாலைக்குள் இரட்டிக்கும், அல்லது இல்லாமற்போகும். முதல் மாதம் லாபம் வந்தது. நமக்கு நேர்ந்த தீங்கு அந்த லாபமே.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை வாசகர்கள் பார்த்திருக்கலாம். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் இத்துறையில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டவர்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த 93 பேரில் நாமும் அடக்கம். ஆய்வு வருவதற்கு முன்பே நமக்கு இது தெரியாதா என்றால், தெரியும். வங்கியில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவனுக்கு இதைச் சொல்ல ஆய்வு எதற்கு? அறிவு வேறு, ருசி வேறு என்று நம் பூர்வாசார்யர்கள் பிரித்துப் பேசியதன் அருமை அப்போதுதான் விளங்கிற்று. ருசி வாஸனைகள் அறிவின் சொற்படி நடப்பவை அல்ல.

எவ்வளவு இழந்தோம் என்பதைச் சொல்லத் தயக்கமில்லை: 11 லட்சம். பணத்தைவிடப் பெரியதொன்றையும் இழந்தோம். அதைச் சொல்லத்தான் தயக்கம்.

2022ல் ஒரு நாள் நம் தேவிகளுடைய நான்கு வளைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் இல்லாத ஒரு கிளையில் நகைக்கடன் வரிசையில் நின்றோம். நம் ஆயுளில் எத்தனை ஆயிரம் நகைக்கடன்களுக்குக் கையெழுத்திட்டிருப்போம்! மதிப்பீட்டாளர் உரைகல்லில் வளையைத் தேய்க்கும் அந்தச் சத்தம் நமக்குப் பழகியதுதான். ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டதில்லை. நம் மகன் வயதுடைய அதிகாரி, "எதற்காகக் கடன், சார்?" என்று படிவத்தை நிரப்பக் கேட்டார். "வைத்தியச் செலவு" என்றோம். நாக்கு கூசவில்லை. அதுவே நம்மைப் பிற்பாடு அதிகம் வருத்தியது.

அந்த வரிசையில் நின்றபோது பழைய ஒருவர் நினைவுக்கு வந்தார். நாம் பணியிலிருந்தபோது பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் ஆண்டுக்கு நான்கு முறை மனைவியின் தோட்டையும் மூக்குத்தியையும் கொண்டுவந்து அடகு வைப்பார். குடி. பட்டுச்சேலைக்குக் கூலி வாங்கிய அன்றே பாதி கரைந்துவிடும். நாம் அவரை மேஜை முன் நிறுத்தி நீளமாகப் பிரசங்கம் செய்திருக்கிறோம். ஒன்றும் பலிக்கவில்லை. பிற்பாடு அவர் குடியை விட்டார். நம் பிரசங்கத்தால் அன்று. ஒரு நாள் நகையை மீட்க வந்தவரிடம் எப்படி என்று கேட்டோம்.

"வேறொண்ணுமில்லீங்க சார். என் தறி வீட்டுலதான் இருந்துச்சு. தனியா ஒக்காந்து நெய்யறது. தாகம் எடுத்தா எழுந்து போறது. இப்ப என் மச்சான் வீட்டுல அவர் தறிக்குப் பக்கத்துல என் தறியையும் போட்டுக்கிட்டேன். கோர்வைச் சேலை ரெண்டு பேரு சேர்ந்து நெய்யறது இல்லீங்களா? நான் எழுந்தா அவரும் நிறுத்தணும். என் பொழப்பை நான் கெடுத்துக்கலாம், அவர் பொழப்பை எப்படிக் கெடுக்கறது?"

உடலும் கரையும் வேறு வேறு வண்ணமாக ஓட, இரண்டு பாவுகள் சேருமிடத்தில் ஊடையைக் கோத்து நெய்வது கோர்வை. ஒருவர் உடல் நாடாவை ஓட்ட, கரை நாடாவை ஓட்டப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். குழித்தறியில் அமர்ந்து பரம்பரையாக நெய்பவர்கள் அப்படித்தான் நெய்கிறார்கள். அன்று அதை நாம் ஒரு ஸ்வாரஸ்யமான பதிலாக மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டோம்.

நம்மை நிறுத்தியது வளையல் அன்று. கோஷ்டியில் நேர்ந்த ஒரு சம்பவம். திருவாய்மொழி கோஷ்டியில் இருந்தோம். கைப்பேசியை ஒலியடக்கி இடுப்பில் சொருகியிருந்தோம். அது வியாழக்கிழமை, அந்நாளில் வாராந்தர ஒப்பந்தங்கள் முடியும் கிழமை. பாசுரத்தின் நடுவே இடுப்பில் அது அதிர்ந்தது. ஒரு கணம்தான். நாம் சொல்லவேண்டிய அடி வாயில் வரவில்லை. பாலகனாய்த் தந்தையார் மடியிலிருந்து கற்ற பாசுரம். உறக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியது. வரவில்லை. பக்கத்தில் எழுந்தருளியிருந்த பெரியவர் தம் குரலைச் சற்று உயர்த்தி நம் பங்கையும் சேர்த்துச் சொல்லிக் குறை தெரியாமல் நிரப்பிவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

சாற்றுமுறை ஆனபின் அவரை வீதியில் பின்தொடர்ந்து சென்று, எல்லாவற்றையும் விண்ணப்பம் செய்தோம். எண்பதைக் கடந்தவர். வைவார் என்று எதிர்பார்த்தோம். அவர் தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"ஐம்பது வருஷம் பொடி போட்டேன், தேவரீருக்குத் தெரியுமோ? எழுபத்தோராவது வயசில் விட்டேன். எத்தனை தடவை மட்டையை வீசியெறிந்திருப்பேன்! மறுநாள் வாங்கிவிடுவேன். அப்புறம்தான் புரிந்தது, பொடி மூக்கில் இல்லை, திண்ணையில் இருக்கிறது என்று. மத்தியானம் தளிகை ஆனதும் நாலு பேர் எதிர்த் திண்ணையில் கூடுவோம். உட்கார்ந்தால் கை தானே மட்டைக்குப் போகும். மட்டையை விடுவதை விட்டேன், திண்ணையை விட்டேன். அந்த நேரத்துக்குத் தாயார் ஸந்நிதி மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். பத்து நாள் உடம்பு படாதபாடு பட்டது. நாலு பேரும் ஏசினார்கள். அவ்வளவுதான்."

பிறகு கேட்டார்: "அந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது?"

"ஒன்பதேகால், ஸ்வாமி. மூன்றரைக்கு மூடும்."

"அப்படியானால் நாளை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு ஓரிக்கைக்கு நடந்து போய்வாரும். கைப்பேசி அகத்தில் இருக்கட்டும். மூன்றரைக்கு முன்னால் ஊருக்குள் காலை வைக்கவேண்டாம்."

ஓரிக்கை ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. வெளியேறிய ஆழ்வாரும், கணிகண்ணனும், எம்பெருமானும் ஓர் இரவு தங்கியிருந்த இடம் அது. ஓரிரவிருக்கை என்பதே ஓரிக்கை என்று மருவியது. பாலாற்றங்கரை. தை மாதத்தில் ஆழ்வார் திருநக்ஷத்திரத்தை ஒட்டிப் பெருமாள் அங்கே எழுந்தருளும் உத்ஸவத்தைப் பலர் ஸேவித்திருப்பீர்கள். நம் அகத்திலிருந்து நடந்தால் ஒரு மணி நேரம் ஆகாது. ஊரின் எல்லைக்கு ஊரின் நடுவிலிருந்து போகும் தூரம், அவ்வளவே.

அவ்வளவு தூரத்தில் நம் கை எத்தனை முறை இடுப்புக்குப் போனது என்று எண்ணிக்கொண்டு சென்றோம். நாற்பதுக்கு மேல் எண்ணவில்லை. பத்து மணிக்குத் தொண்டை வறண்டது. யாரோ எங்கோ நம் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதுபோல ஒரு பதைப்பு. வழியில் ஒரு தேநீர்க் கடையில் யாரோ கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, அருகில் போய் எட்டிப் பார்த்தோம். அவர் சினிமாப் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயதில், நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவர் கைப்பேசியை எட்டிப் பார்த்து நின்றோம். பாலாற்று மணலில் உட்கார்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. திருச்சந்தவிருத்தம் நூற்றிருபது பாசுரங்களையும் சொன்னோம். முதல் முப்பது உதட்டளவில்தான். அதன்பின் எப்போதோ நெஞ்சு கூட வந்தது.

அந்த மணலில்தான் மன்னனைப் பற்றிய எண்ணம் வந்தது. எம்பெருமானும் ஆழ்வாரும் போனபின் காஞ்சி பொலிவிழந்தது என்கிறது சரித்திரம். அரண்மனை இருந்தது, ஸிம்ஹாஸநம் இருந்தது, இளமை மாறாத அரசியும் இருந்தாள். மன்னன் வேண்டியவை எல்லாம் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஊர்தான் இருண்டது. அவன் அப்போது செய்தது ஒன்றே ஒன்று. அரண்மனையை விட்டு எழுந்து ஓரிக்கைக்கு வந்தான். யாரை 'இங்கே கொண்டுவா' என்றானோ, அவர் இருக்குமிடத்துக்குத் தான் போனான். யாரைப் போ என்றானோ, அந்தக் கணிகண்ணன் காலில் விழுந்தான். இளமையை அதன்பின் கேட்டதாகச் சரித்திரம் பேசவில்லை. நரைத்த தலையோடு போனவன் நரைத்த தலையோடுதான் திரும்பியிருக்கவேண்டும். ஆனால் அவன் முன்னே ஆழ்வாரும் அவர் முன்னே பெருமாளுமாகத் திரும்பினான்.

மூன்றரைக்கு வீடு வந்து, நான்கு மணிக்குக் கைப்பேசியைத் திறந்து பார்த்தோம். வாசகர்கள் வேறு விதமாக எதிர்பார்க்கலாம், உண்மையைச் சொல்லவேண்டும். அன்று நாம் போட நினைத்திருந்த வியாபாரம் லாபமாக முடிந்திருந்தது. 60,000 ரூபாய்க்குக் குறையாது. நடையால் அதை இழந்தோம் என்று நெஞ்சு ஒரு நாழிகை அழுதது.

மறுநாளும் ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம்.

அன்றிரவு தேவிகளிடம் வளையலைப் பற்றிச் சொன்னோம். வங்கி அதிகாரியின் மனைவியாக முப்பதாண்டு இருந்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "வட்டி எத்தனை சதவீதம்?" சொன்னோம். எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. தளிகை மட்டும் வேளை தவறாமல் ஆயிற்று. மூன்றாம் நாள் காலை, ஒன்பது மணிக்கு நாம் புறப்படும்போது ஒரு பாத்திரத்தில் தத்யோதனத்தைக் கட்டி வாசலில் வைத்திருந்தார்.

நிற்க. பழகிய சௌகரியத்தை விட்டு வெளியே அடிவைப்பது நம் ஸம்ப்ரதாயத்துக்குப் புதிதன்று. இதே காஞ்சியில் எம்பெருமானார் சரித்திரத்தைப் பாருங்கள். திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வாசித்த காலத்தில் அவர்க்குக் கல்வியும் கீர்த்தியும் வளர்ந்துவந்தன. வட யாத்திரையில் ஆபத்தை உணர்ந்து விந்தியக் காட்டில் தனித்துப் பிரிந்து, வேடுவத் தம்பதியாய் வந்த பேரருளாளனும் தாயாரும் வழிகாட்ட மீண்டு வந்தபின், திருக்கச்சி நம்பிகள் அவர்க்கு நியமித்தது என்ன? மீண்டும் ஒரு வாதமா, ஒரு பாடசாலையா? சாலைக் கிணற்றிலிருந்து வரதனுக்கு ஒரு குடம் தீர்த்தம். அவ்வளவே. மஹாமேதாவிக்குத் தோளில் குடத்தை ஏற்றி, நாள்தோறும் நடக்க வைத்தார் நம்பிகள். வாதத்தில் பழகிய நெஞ்சு கைங்கர்யத்தில் குளிர்ந்தது அந்த நடையில்.

நம்பிகளிடம் கற்ற அதையே அவர் பின்னாளில் திருவரங்கத்தில் உறங்காவில்லி தாஸர்க்குச் செய்தார் என்று நமக்குத் தோன்றும். உறையூர் மல்லர் அவர். உச்சி வெயிலில் மனைவி பொன்னாச்சியாரின் முகத்துக்கு நேரே குடை பிடித்து, சுடுமணலில் அவர் பாதம் படாதபடி துணி விரித்துக்கொண்டு, ஊர் சிரிப்பதையும் பாராமல் சென்றார். அவள் கண்ணழகுக்கு அடிமை என்றார். எம்பெருமானார், 'இது அநித்யம், விட்டுவிடு' என்று உபதேசிக்கவில்லை. இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் அடிமை செய்வாயோ என்று கேட்டார். பெரியபெருமாள் திருமுன்பே கொண்டு நிறுத்தினார். கண்ட கண்களை விட்டு அவர் அதன்பின் மீளவில்லை. பொன்னாச்சியாரும் உடன் வந்து இருவரும் கோயிலிலேயே வாழ்ந்தனர். விஷயங்களை விலக்கி உபவாஸம் இருப்பவனுக்கு விஷயங்கள் போனாலும் அவற்றின் சுவை போகாது, பரத்தைக் கண்டபின்பே சுவையும் போகும் என்று கீதையில் இரண்டாம் அத்யாயத்தில் கண்ணன் அருளிய பொருளுக்கு இதைவிட வ்யாக்யானம் வேண்டுமோ? ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அழகிய கண்கள் ஸந்நிதிக்குள் இருந்தன. மணலில் பிடித்த குடையைக் கீழே வைத்துவிட்டு வில்லி அங்கே நடந்துபோக வேண்டியிருந்தது.

உலகியலிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாயினர். 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், ஊர் திரும்பியவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, அங்கே அடிமைப்பட்டிருந்தவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே என்று கண்டு உலகம் வியந்தது. இடம் மாறியது, உடன் பழகியோர் மாறினர், கையும் மறந்தது. திண்ணையை விட்ட நம் பெரியவர் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டவர் அல்லர்.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது, ஏனெனில் அதில் வருபவரும் பங்குச் சந்தைக்காரர். பில் வில்சன் என்ற நியூயார்க் தரகர், குடியால் எல்லாம் இழந்து, சில மாதங்களாகக் குடியாமல் இருந்தவர். 1935 மே மாதத்தில் ஒரு வியாபாரத்துக்காக ஆக்ரன் என்ற ஊருக்குப் போய்த் தோற்று, கையில் சில டாலரோடு ஹோட்டல் முன்கூடத்தில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறு பக்கம் தொலைபேசி. தொலைபேசிப் பக்கம் நடந்தார். ஊர்க் கோயில் குருமார்களை வரிசையாக அழைத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடியரை ஸந்திக்கவேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஐ, குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் உலகளாவிய இயக்கம் தன் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறது. முன்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எத்தனை அடி இருந்திருக்கும்? பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் கோர்வை நமக்கு இங்கே மறுபடி நினைவுக்கு வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பல ஆண்டுக் குடிக்கு உடல் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர்களுக்கு நடையும் பாசுரமும் மட்டும் போதா; வைத்தியர் வேண்டும். கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980ல் சென்னையில் அவர் பெயரால் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் இதற்காகவே உள்ளன. வைத்யனிடம் போவது எம்பெருமானிடம் அவிச்வாஸம் ஆகாது. அதுவும் ஓர் ஓரிக்கைதான்.

ஒரு கேள்வி எழும். ப்ரபந்நனுக்கு இந்த முயற்சியெல்லாம் எதற்கு, எல்லாம் அவன் பார்த்துக்கொள்ள மாட்டானோ? நாமும் இதைச் சொல்லிக்கொண்டே இரண்டு ஆண்டு வியாபாரம் செய்தோம். சோம்பலுக்கு சரணாகதி என்று பெயரிட்டோம். ப்ராதிகூல்ய வர்ஜநம் என்று ஒன்று ப்ரபத்தியோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அவனுக்குப் பிடிக்காததை விடுவது. அது அங்கமா, தானே அமைவதா என்ற விசாரத்தைப் பெரியோர்களுக்கே விட்டுவிடுவோம். எப்படியாயினும் அது இருக்கவேண்டும் என்பதில் இரு கலையார்க்கும் பேதமில்லை. திருவெஃகாவின் பழைய ஐதிஹ்யத்தில், பிரமனுடைய வேள்வியை அழிக்க ஸரஸ்வதி வேகவதி ஆறாய்ப் பெருகி வந்தபோது, எம்பெருமான் குறுக்கே அணையாய்க் கிடந்தான். வெள்ளத்தைத் தடுத்தது பிரமனா? இல்லை. ஆனால் வேள்வியை விட்டு எழுந்து பிரமன் வெள்ளத்தில் இறங்கி நின்றிருந்தால் அணை எதைக் காக்கும்? கஜேந்த்ரனையும் நினையுங்கள். அவனை முதலை பிடித்தது காட்டிலன்று. அவன் விரும்பி விளையாடிய பொய்கையில். கரையில் யானைக்கு முதலை ஒரு பொருட்டா? வைகாசியில் கருட ஸேவையில் அத்திகிரி அருளாளன் கோபுர வாசலைக் கடந்து வரும்போதெல்லாம் இப்போது நமக்குக் கஜேந்த்ரன் உயர்த்திய துதிக்கையைவிட, நீரில் மறைந்த அவன் கால்கள் தோன்றுகின்றன.

நம் கதை நேர்கோடாகப் போகவில்லை. மூன்று வாரம் நடந்தபின், பேரனைப் பார்க்கப் பெங்களூரு போனோம். அங்கே ஓரிக்கை இல்லை. ஒரு மத்தியானம் எல்லோரும் உறங்கியபோது, அழித்திருந்த செயலியை மறுபடி இறக்கினோம். இரண்டு மணி நேரத்தில் 18,000 போயிற்று. ஊர் திரும்பி, தலைகுனிந்து பெரியவரிடம் போய் நின்றோம். கேட்டு முடித்து, "நாளை எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவ்வாண்டு முடிவதற்குள் நடை குறைந்து, நந்தவனத்தில் கைங்கர்யம் கூடியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை களை பறிப்பதும் துளசிக்கு நீர் விடுவதும். மண்ணும் முள்ளும் பட்ட விரலால் கைப்பேசித் திரையைத் தொட்டால் அது கேட்காது என்று கண்டுகொண்டோம். வங்கித் தேர்வுகளில் இது கற்பிக்கப்படவில்லை. வளைகளை மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் கட்டினோம். மீட்ட அன்று தேவிகள் அவற்றை அணியவில்லை. துடைத்துப் பெட்டியில் வைத்து, சாவியைத் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். அது நியாயமே.

பெரியவர் சென்ற ஐப்பசியில் பரமபதித்தார். திருவோணத்துக்கு, பொய்கையாழ்வார் திருநக்ஷத்திரத்துக்கு, இரண்டு நாள் முன்பு. கோஷ்டியில் அவர் இடத்தில் இப்போது ஓர் இளைஞர் உட்காருகிறார். கணினித் துறையில் வேலை, வீட்டிலிருந்தே பணி. நல்ல குரல். சென்ற வாரம் அவர் ஓர் அடியை விட்டார். நாம் குரலை உயர்த்தினோம்.

வீதியில் அவரே பின்னால் வந்தார். ரம்மி. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ல் சட்டமே தடைசெய்தது; அவருக்கு எப்படியோ வேறொரு கதவு திறந்திருக்கிறது. எவ்வளவு கடன் என்று சொன்னார். அகத்தில் யாருக்கும் தெரியாதாம். இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஆட்டமாம், மாடி அறையில், தனியாக.

அந்த நேரத்தில் ஓரிக்கைக்கு நடக்க முடியாது. அதனால் இரவு நம் அகத்துத் திண்ணையில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். கைப்பேசியைத் தம் தாயாரிடம் கொடுத்துவிட்டு வரவேண்டும், கொடுக்கும்போது காரணத்தையும் சொல்லவேண்டும் என்றோம். அதைக் கேட்டு முகம் வாடிற்று. யோசிக்கிறேன், மாமா, என்றார்.

தேவிகள் திண்ணையில் பாயும் தலையணையும் போட்டு வைத்திருக்கிறார். மணி ஒன்பதரை.

திருமழிசைப்பிரான் திருவடிகளே சரணம்.